உங்கே மழையோ, அண்ணை?

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அண்ணைக்கு,

உங்கே மழையோ? இங்கே அச்சுவேலியில் மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. ஞாயிறு காலை, நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் நேரம், தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கண்மூடி ஒரு மாதம். தொலைபேசி அடிக்காது என்று தெரிந்தும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் ஒரு வெண்கட்டியை வைத்துத்தான் சுட்டெழுத்துப் படிப்பிப்பேன். என் கையில் இருந்தால் இது. உன் கையில் இருந்தால் உது. இருவருக்கும் எட்டாமல் கூரையில் இருந்தால் அது. இங்கே, உங்கே, அங்கே என்பதும் அப்படித்தான். 'உ' என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும், அண்ணை. எனக்கு அந்த ஆள் நீங்கள்தான்.

கணக்குப் படிப்பிக்கவென்று பசிபிக் கடலில் ஒரு பொட்டுத் தீவுக்குப் போனீர்கள். பிறகு கல்வி அதிகாரி, பிறகு சபைச் செயலாளர், கடைசியில் அந்தத் தீவுக்கே ஆளுநர். செய்தி சொன்ன அன்று கேட்டேன்:

“கவர்னருக்கு என்ன வேலை, அண்ணை?”

“றிபன் வெட்டிறதுதான் தம்பி. கத்தரிக்கோல் பிடிச்சுக் கை நோகுது.”

புயல் அடித்த வருடம் ஆளுநர் மாளிகையை வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்டு, கந்தோரில் கோப்புகளைத் தள்ளிவிட்டு மேசையிலேயே படுத்தீர்களாம். ஊருக்கு ஊர் மழைநீர்த் தாங்கி கட்டுவித்தீர்களாம். இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்லவில்லை? போன கிழமை உங்கள் பழைய மாணவி, இப்போது அந்தக் கந்தோரில் வேலை செய்பவள், தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தேன்.

அவள் ஒன்று கேட்டாள். உங்கள் அஸ்தியை அனுப்பவா, அல்லது அவர்கள் கடலிலேயே கரைக்கவா? “எங்கள் ஐயாவை எங்களிடம் விடுவீர்களா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஐயாவாம்! ஓய்வு பெற்றதும் வந்துவிடுவேன் என்றீர்களே. அதை நம்பி வடக்கு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பவன் நான். அனுப்புங்கள், கீரிமலைக் கடலில் கரைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் நீங்கள் கடைசியாக வந்து ஏழு நாள் நின்ற அந்தக் கிழமை நினைவுக்கு வந்தது. இதே கதிரையில் இருந்து மழையைப் பார்த்தபடி சொன்னீர்கள்:

“இங்கை இப்ப தாங்கியெல்லாம் நிரம்பியிருக்கும்.”

“எங்கை தாங்கி? நாங்கள் கிணத்துத் தண்ணியெல்லோ குடிக்கிறம். தீவைச் சொல்லுறியள் எண்டால் அங்கை எண்டு சொல்லுங்கோ. பிழை விட்டுட்டியள், கவர்னர் ஐயா!”

“ஓம் வாத்தியார், வாய் தடுமாறிப் போச்சு.”

சிரித்தோம். சிவப்புப் பேனா பிடித்த பழக்கத்தில் திருத்திவிட்டேன். பிறந்த வீட்டில் இருந்துகொண்டு தீவை 'இங்கே' என்ற உங்களுக்கு எது ஊர் என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

நேற்று அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து, அனுப்ப வேண்டாம் என்றேன். அவள் அழுதாள். நான் வைத்த பிறகு அழுதேன். வீட்டில் கேட்க ஆளில்லைதானே.

உங்களைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் இப்போது 'அங்கே' என்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். பதில் வராவிட்டாலும் ஒவ்வொரு ஞாயிறும் உங்கே மழையோ என்று கேட்பேன்.

உங்கையே இருங்கோ, அண்ணை.

உங்களைப் பிழையாகத் திருத்திய
தம்பி