நீ அனுப்பிய நான்கு சத்தங்கள்

நெல்லிவாசல்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தம்பி கலையரசனும் இங்கே நன்றாக இருக்கிறோம், டப்ளினில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவையாவது உள்ளபடி எழுது. போனில் கேட்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான் கேட்க வேண்டியதோ இப்போதைக்கு அவள் காதில் விழக்கூடாதது. அதற்கு வருகிறேன். முதலில் உன் பெட்டியைப் பற்றிப் பேசித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். ஏற்கெனவே உன் தம்பி ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி வந்து, அது ஓடுகிற நாளைவிட என் முன்னால் படுத்துக் கிடக்கிற நாள்தான் அதிகமாக இருக்கிறது. அவன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து டிவியில் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, அது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற மாதிரிச் சத்தம் போடக்கூடாது, அவ்வளவுதானே உனக்கு வேண்டும்? அதற்கு ஒரே மாதத்தில் ஐந்து லிஸ்ட். ஒவ்வொன்றையும் ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நவீன்குமாரிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு வருகிறேன். முதல் லிஸ்டில் குட்டிப் பெட்டி. இரண்டாவதில் கேம் விளையாடுகிறவர்கள் போடும் பெரிய கிராபிக்ஸ் கார்டு. "இன்னா பெரிப்பா, அக்கா படம் பாக்கப் போறாங்களா, ராக்கெட்டு வுடப் போறாங்களா" என்று அவன் சிரிக்கிறான். மூன்றாவதில் ஃபேனே கிடையாது, நான்காவதில் நான்கு ஃபேன். முகம் தெரியாத எவனோ இணையத்தில் இது சத்தம் போடும் என்று எழுதினால் உடனே மாற்றிவிடுகிறாய். முப்பது வருஷமாகப் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அப்பன் சொன்னால் மட்டும், சரிப்பா, பாக்கறேன்ப்பா.

வாங்குகிறாய், ஓட்டிப் பார்க்கிறாய், சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறாய், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குகிறாய். இதுவரை நான்கு சத்தம் வந்திருக்கிறது. கடைசியாகச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். முதல் பதிவில் கீ என்று கத்தியது சின்ன ஃபேன். சின்னது வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும், வேகமாகச் சுற்றினால் கத்தத்தான் செய்யும். விரித்த உள்ளங்கையைவிடப் பெரிய ஃபேனாக ஒன்று போட்டு மெதுவாகச் சுற்றவிடு. இரண்டாவதில் இரைந்தது அந்த கிராபிக்ஸ் கார்டு, படம் காட்டுகிற வேலையைப் பிராசசரே செய்துகொள்ளும் என்று நவீன்குமார் சொல்கிறான், அது வேண்டாம். மூன்றாவதிலும் நான்காவதிலும் ம்ம்ம் என்று வந்ததே, அதற்கு ஹார்டு டிஸ்கைக் குற்றம் சொல்லாதே. டிஸ்கின் அதிர்வு தகரத்தில் இறங்கிப் பெட்டி இரைகிறது. ஸ்க்ரூடிரைவர் முனையைப் பெட்டிமேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக் கேள், உனக்கே தெரியும். டிராக்டர் டியூபில் ரப்பர் புஷ் வெட்டிப் பார்சலில் வைக்கிறேன், டிஸ்குக்கும் பெட்டிக்கும் நடுவில் அதைக் கொடுத்து ஸ்க்ரூவை அளவாக முடுக்கு. மெதுவாகச் சுற்றுகிற டிஸ்காக இரண்டு போதும், ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கட்டும், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இதற்கு மேல் லிஸ்ட் அனுப்பினால் போனை அணைத்துப் பரணில் போட்டுவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் சத்தம் கேட்டுப் பழகியவன் காதில் மோட்டார் மட்டும் விழுவதில்லை. நீ அனுப்பிய நான்கும் வேலை நாளில், இங்கே மாலை நாலரை மணி வாக்கில் வந்தவை. அங்கே அப்போது காலை பதினோரு மணி. தினமும் ஆபீசுக்கு வரச்சொல்லிவிட்டார்கள், ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று நீதான் சொன்னாய். இரண்டு பதிவில் பெட்டிக்குப் பக்கத்திலேயே குக்கர் விசில் அடிக்கிறது. ஹாலில் வைத்திருப்பதாகச் சொன்னாய், ஹாலில் ஏன் குக்கர் இருக்கிறது? ஹாலில் இருக்கிற பெட்டி உன் தூக்கத்தை எப்படிக் கெடுக்கும்? இத்தனை வருஷம் கம்பெனி கம்ப்யூட்டரில் கிடந்த போட்டோக்களைத் திடீரென்று சொந்தப் பெட்டிக்கு மாற்ற என்ன அவசரம்? பாப்பா, உனக்கு வேலை போய்விட்டது. அந்த வீட்டையும் விட்டுவிட்டு, அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருக்கிற ஒரே அறைக்கு வந்துவிட்டாய். எங்களிடம் சொல்லாமல் அங்கே தனியாக உட்கார்ந்து பெட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாய். நான் நினைப்பது தப்பென்றால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கு வருகிற கோபம் வேலை போனதற்கு இல்லை, நீ மறைத்ததற்கு. மலையிலிருந்து பிளேன் ஏறின பொண்ணு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தோமே, அதுதான் உன் வாயை அடைத்துவிட்டதோ என்று நினைத்தால் என்மேலும் கோபம் வருகிறது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ எட்டாவது படிக்கும்போது, செங்கத்தில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். நான் வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் டூல் பையோடு ஜீப் ஏறிப் போய், வேலை தேடி அலைந்து, மீதி நேரம் செங்கம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தேன். வேலை தேடுவதில் இல்லாத அலுப்பு, வேலைக்குப் போய்வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் இருந்தது. உன் அம்மா இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள், துவைக்கப் போட்ட சட்டையில் கிரீஸ் இல்லையாம். ஆனால் நானாகச் சொல்லட்டும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் மூன்று மாதம் நாடகம் போட்டோம், பக்கத்தில் படுத்திருந்தும் எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்தது. அது உனக்கு வேண்டாம். அங்கேயே வேறு வேலை தேடுவதென்றால் தேடு, திரும்பி வருவதென்றால் நாளைக்கே வா, எதுவானாலும் எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்துவிட்டுப் பார்சல் கட்டப் போனேன், இப்போது மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். உன் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் காளியம்மா சாட்சி. எப்போதும் ஒரு கிலோ சாமை அரிசி வைக்கிறவள் இன்றைக்கு நான்கு கிலோ அளந்து கட்டிக்கொண்டிருந்தாள். எடை ஏறும், எதற்கு இவ்வளவு என்று சத்தம் போட்டேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "வூட்லயே கீற பொண்ணு மூணு வேளையும் ஆக்கித் துன்ன வேணாமா" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது, காளியம்மா கூடவே இருப்பாள். கடிதம் கிடைத்த அன்றே உன் அம்மாவுக்குப் போன் செய், அவள் கேட்கமாட்டாள், நீதான் சொல்ல வேண்டும்.

என்றும் உன் அப்பா,
சந்திரன்