குடை யார் பிடித்தது

அன்புள்ள கண்ணாடிக்கு,

உன் கேமராவுக்கு விளக்கு வைத்து வைத்தே கிழவனான நெட்டையன் சொல்ல, என் மருமகள் எழுதும் கடிதம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுதான் உன்னை டிவியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். நம் டைரக்டரைப் பற்றிய ஆவணப்படமாம். செத்தது அவர், படம் முழுக்க நீ.

என்ன பேச்சு பேசுகிறாய். அவர் உன் தோளில் கை போட்டது, ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைத்தான் கூப்பிட்டது. ஒவ்வொன்றுக்கும் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துகிறாய். என் வீட்டுக்காரி போனபோது போனில் "மனசைத் தேத்திக்கடா" என்றாய். அவ்வளவுதான்.

அது போகட்டும். மழைக் காட்சியை மட்டும் நான் விட மாட்டேன். ஆற்றங்கரையில் கேமரா நனையாமல் டைரக்டரே குடை பிடித்தார் என்கிறாய். காலையிலிருந்து பிடித்தவன் நான். விளக்கை வேறொருவன் தலையில் கட்டிவிட்டு, கேமராவுக்குப் பாதி, உனக்குப் பாதி என்று பிடித்தேன். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஸ்டில் எடுப்பவர் வந்ததும் டைரக்டர் என் கையிலிருந்து குடையை வாங்கினார். போட்டோ எடுத்து முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து உனக்கும் அதுவே நிஜமாகிவிட்டது போலிருக்கிறது.

மருமகள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "செத்தவர் மேல போய் பொறாமைப்படுவாங்களா மாமா?" என்கிறாள். படுவேன், அதையும் எழுதும்மா என்றேன். அவர் என்னை மறந்திருந்தால் பரவாயில்லை, ஆயிரம் பேரைப் பார்த்த மனிதர். நீ ஒரு தடவை என்னைச் சொல்லியிருக்கலாம். "நெட்டையன்னு ஒருத்தன் இருந்தான்" என்றாவது. உயிரோடு இருப்பவனை இருந்தான் என்கிறாயே என்று கோபித்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. உனக்கு எவன் விளக்கு வைத்தான்? மூஞ்சிக்குக் கீழே வைத்திருக்கிறான். கன்னம் ஒட்டிப்போனது ஊருக்கே தெரிகிறது. கண்ணாடி மின்னி மின்னி உன் கண்ணையே பார்க்க முடியவில்லை. நான் வைத்து என்றைக்காவது உன் கண்ணாடி மின்னியிருக்கிறதா? சாப்பிடுகிறாயா, இல்லையா?

இனிமேல் யார் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் எனக்கு ஒரு போன் போடு. ராத்திரி ரயிலானாலும் ஏறி வந்துவிடுகிறேன். அதுவரை எவன் விளக்குக்கு முன்னாலும் உட்காராதே.

யாருமே வராவிட்டாலும் போடு.

இப்படிக்கு,
உன் பக்கத்திலேயே நின்ற
நெட்டையன்