ஆறு வாரத்தோடு விட்ட வேலை

மிச்சிகன்
ஏப்ரல் 11

அன்பு மகள் அய்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடுப்பைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் அந்த அரிசோனா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். பனி இன்னும் விட்டபாடில்லை, செவ்வாயன்று நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் கண்ணாடியைச் சுரண்டவே அரை மணி நேரம் ஆனது. அப்பா அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு கொல்லையில் இருக்கும் சவுனா நீராவிக் குளியலறை வரைக்கும் நடக்கிறார், டாக்டர் கூடாது என்று சொன்ன மறுநாளே நடந்தார், கேட்டால் "அவரு சிகாகோக்காரரு, அவருக்கு சவுனா பத்தி என்ன தெரியும்" என்கிறார்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. விண்ணப்பித்த பதினாறு மருத்துவக் கல்லூரிகளும் மறுத்துவிட்டன, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன், காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றாய். நேர்காணலுக்குக் கூப்பிட்ட ஒரே கல்லூரியிலும், முதியோர் இல்லத்தில் ஏன் ஆறே வாரம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, வகுப்பு தொடங்கிவிட்டது என்று பதில் சொன்னதாகச் சொன்னாய். அய்லா, நீ அந்த வேலையை விட்டது ஜூலையில், உன் வகுப்பு தொடங்கியது ஆகஸ்டு கடைசியில். அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது என் தப்பு.

அதனால் போன சனிக்கிழமை ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி இரண்டு சுட்டு எடுத்துக்கொண்டு நானே அந்த இல்லத்துக்குப் போனேன். உனக்கு மேலே இருந்த நர்ஸ் பெர்னடெட் என்னைப் பார்த்ததும், "ஹெல்மி, ரெண்டு வருஷமாச்சே, அவ உங்ககிட்டகூடச் சொல்லலியா" என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு காலத்தில் ஏரிக் கப்பலில் சமையல்காரராக இருந்த முதியவர் ஒஜாலா, மற்றவர்கள் ஊட்டினால் துப்புவாராம், உன் கையால் மட்டும் சாப்பிடுவாராம். அன்று மத்தியானம் அவர் போதும் என்று கையைக் காட்டியும் நீ இன்னும் ஒரு வாய் என்று கொடுத்திருக்கிறாய், அது புரையேறி, நுரையீரலில் சளி கட்டி, நாலாம் நாள் போய்விட்டார். "அவ கத்தல, ஓடல. மணியடிச்சிட்டு, நாங்க வர்ற வரைக்கும் அவர நிமிர்த்திப் புடிச்சு, பேர் சொல்லிக் கூப்டுக்கிட்டே இருந்தா. அவரு போனாருன்னு கேட்டதும் சீருடைய மடிச்சு மேஜைல வெச்சிட்டுப் போய்ட்டா" என்றாள். உனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னாள். அவருக்கு முன்பே விழுங்குவதில் சிரமம் இருந்ததாம், கெட்டியாக்கித் தர வேண்டிய சூப்பைச் சமையலறையிலிருந்து அப்படியே தண்ணியாக அனுப்பிவிட்டார்களாம். "தப்பு எங்க மேல. அதச் சொல்லத்தான் ரெண்டு தடவ கூப்டேன், அவ எடுக்கல" என்றாள்.

கார் வரைக்கும் வந்தேன், கிளம்ப மனம் வரவில்லை. இரண்டு வருஷம் இதை நீ தனியாகச் சுமந்திருக்கிறாய், கிறிஸ்துமஸுக்கு வந்து எங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதும் சுமந்திருக்கிறாய். அந்த ஒரு வாயை நீ வற்புறுத்தவில்லை என்று நான் சொல்லமாட்டேன், வற்புறுத்தினாய். ஆனால் அந்த மனிதரைக் கொன்றது நீ இல்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே நீ வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் மறுபடி உள்ளே போய் உனக்கு வேலை கேட்டேன், கோபப்படாதே. "ஜூன் ரெண்டு, திங்கக்கெழம, காலைல ஏழு மணி. வரலேன்னா வேற ஆளப் போட்ருவேன்" என்றாள் பெர்னடெட். ஒரு வருஷம் முழுதாக வேலை செய். விண்ணப்பத்தில் மணிக்கணக்கைக் கூட்டிக் காட்டுவதற்காக அல்ல, அடுத்த முறை ஏன் ஆறே வாரம் என்று கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்வதற்காக. அப்பா வழக்கம்போல ஒரே வாக்கியத்தில் முடித்தார், "டாக்டர் ஆகறதும் ஆகாததும் அவ இஷ்டம், ஆனா அந்த வாசல் வழியா அவ ஒரு தடவ திரும்ப உள்ள போவணும்." போய்ப் பார்த்த பிறகும் காப்பீடுதான் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

இன்னொன்று. மத்தியானம் எனக்குப் பேருந்து கிடையாது என்பதால் புதன்கிழமை முதல் நானும் அங்கே போய் ஊட்டுகிறேன், எப்படி ஊட்டுவது என்று முதலில் என்னை உட்கார வைத்துப் பழக்கினார்கள். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு பழைய கணக்கு டீச்சரை. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நாற்பது நிமிஷம் ஆனது, ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்தே பிடித்துக்கொண்டது. இருபது வயதில் நீ இதைத் தினமும் செய்தாய்.

மனத்தெளிவும் உடல்பலமும் கடவுள் உனக்குத் தரட்டும். குளிர்சட்டையை மறக்காதே, ஜூன் மாதத்திலும் இங்கே காலையில் தேவைப்படும். டிக்கெட் வாங்கியதும் நீ வரும் தேதியை மட்டும் எழுது, வேறு பதில் வேண்டாம்.

உன்னோடு நிற்கும்
அம்மா ஹெல்மி