சிரிப்பை ஏற்ற வேண்டாம்

பெங்களூர்
20-11-1981

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உன் கம்பளி பெட்டியிலேயே இருக்கிறது. பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

ஆடிக்கு உன்னை அழைத்துப்போக வந்த உன் அப்பா என் ஆபீசையும் பார்த்தார். "காலேஜ் வேலைன்னீங்க மாப்பிள்ளை. இங்க டைப்பு அடிச்சுட்டு இருக்கறீங்களே?" என்றார். ஆராய்ச்சிப் பணம் நின்றுபோனதைச் சொன்னேன். காபியைத் தொடாமலே எழுந்துகொண்டார். ஆடி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. வெல்ல ஆலை ஓடும் சமயம், உனக்கு வேலை அதிகமாக இருக்கும்.

ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகப் பேச்சைப் பதிவு செய்த என் பழைய டேப்புகளையும் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். பேச்சில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று கம்ப்யூட்டர் எண்ணுமாம். இன்று ஜேடர்பாளையம் டேப். மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் களத்தில் உன் அப்பாவைப் பேசவைத்து எடுத்தது. கரும்பு, வாய்க்கால் எல்லாம் பேசிவிட்டு, "பொண்ணக் குடுத்தா உங்களாட்டம் வாத்தியாருக்குத்தானுங்க குடுப்பேன்" என்கிறார். பின்னால் நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

சொற்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சிரிப்பு, இருமலையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். பிறகு உன் அப்பா சொன்னதை ஏற்றினேன்.

நாளை டேப்பை அழித்து வேறு பதிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் சொன்னது மட்டும் இருக்கும்.

கம்பளியை அனுப்பிவைக்கவா, இங்கேயே இருக்கட்டுமா? ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
ஆடிக்கு உன்னை வழியனுப்பியவன்