விரதச் சாட்டு

அன்புள்ள அம்மா,

நான் சுகம். கோப்பாயிலை உங்கடை சுகம் எப்பிடி? போனிலை சொல்ல வெட்கமாக் கிடக்கு, அதுதான் எழுதிறன்.

என்ரை சீனி வருத்தத்தைக் கட்டாரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை அறைக்காரர் லட்டு நீட்டினாங்கள். விரதமெண்டு சாட்டுச் சொன்னன். பிறகு அவங்களுக்கு முன்னாலை மத்தியானச் சோறு எப்பிடித் தின்னிறது? காலமை இன்சுலின் போட்டிருந்ததாலை தலை சுத்தி விழுந்திட்டன். பயப்பிடாதையுங்கோ, இப்ப ஒண்டுமில்லை.

அறையிலை இருக்கிற குருநகர் அருளப்பு அண்ணைதான் சீனித்தண்ணி பருக்கினவர். என்ரை விரதத்துக்காக அவர் அண்டைக்கு மீன்கூடக் காய்ச்சேல்லையாம். அதைக் கேட்டாப்பிறகு அவரை நிமிந்து பாக்கேலாமல் போச்சு. உண்மையைச் சொல்லிப்போட்டன்.

சீனி வருத்தத்துக்கு நல்லதெண்டு நீங்கள் சாப்பிடுற குரக்கன்மா கொஞ்சம் குடுத்துவிடுங்கோ, இனி ஒளிக்காமல் புட்டு அவிக்கலாம்.

வேலை பஸ் வந்திட்டுது. எனக்காகப் பிடிக்கிற வெள்ளி விரதத்தை விட்டிடுங்கோ, அம்மா. உங்களுக்கும் இதே வருத்தம்தானே.

மகன்
கோபிசங்கர்