புது வார்ப்புக்குத் தண்ணீர்

இரணியல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெஸ்பினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் எனக்கு இங்கே ஒரு குறைவுமில்லை, கால்வலிகூட அடங்கியிருக்கிறது. மஸ்கட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்தால் நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டு மேல்கூரை நன்றாக வந்திருக்கிறது. இடையில் ஒரு கலக்கம் வந்தது, அப்போது உனக்குச் சொல்லவில்லை. கான்கிரீட் வார்த்த மறுநாள் மேலே வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினோம், அதற்கடுத்த நாளே கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, வெயிலும் காற்றும் சேர்ந்து மத்தியானத்துக்குள் மேலே தண்ணீரைக் காணோம். காண்ட்ராக்டர் டெனிஷிடம் சொன்னால், "காயக் காயத்தானே அக்கா உறப்பு வரும், மோட்டார் சரியாவட்டும்" என்கிறான். காய்ந்து இறுகுவதற்கு இது என்ன களிமண்ணா? பிளான் வரைந்த இன்ஜினியர் அஞ்சலி முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தாள், சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும், தொடக்கத்திலேயே உலரவிட்டால் பலம் ஏறுவது பாதியில் நின்றுவிடும், வெடிப்பும் விழும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் போனது முழுசாகத் திரும்பாது என்று. தூக்கம் கெட்டு நீ உழைத்ததெல்லாம் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுச் சிலுவைமுத்துவின் வாசலுக்குப் போனேன். ஆமாம், எல்லைச் சுவருக்காக நம்மோடு கோர்ட்டில் நிற்கிறவர்தான், அப்பா இறந்தபோதுகூட எட்டிப் பார்க்காதவர். வார்ப்பு காய்கிறது, தண்ணீர் வேண்டும் என்றேன். அவர் திரும்பி உள்ளே போனார், கதவைச் சாத்தப் போகிறார் என்றே நினைத்தேன். ஹோஸைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்து அந்தச் சுவர்மேலேயே ஏற்றி நம் பக்கம் போட்டார். "வழக்கு சொவருக்குத்தானே நேசம்மா, தண்ணிக்கு இல்லல்லா" என்றார். மோட்டார் சரியாகி வரும்வரை காலையும் மாலையும் அவரேதான் திறந்துவிட்டார்.

பிறகு டெனிஷ் வேறொரு வேலைக்கு வேண்டும் என்று கூரையைத் தாங்கி நிற்கும் முட்டுகளைச் சீக்கிரமே பிரிக்க வந்தான். அஞ்சலி சொல்லாமல் ஒரு கம்பில்கூடக் கைவைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நேற்றுத்தான் அவள் வந்து பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொன்னாள். ஒரு வெடிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை. முட்டைப் பிரிக்க இத்தனை நாள் காத்திருந்ததால் பூச்சுவேலை தள்ளிப்போகிறது, கிறிஸ்துமஸுக்குள் வீட்டுப் பிரதிஷ்டை நடக்காது, முகத்தைத் தூக்காதே, லீவை ஈஸ்டருக்கு மாற்றிக் கேள்.

இன்னொன்று. வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். சுவர் அவர் சொல்லும் இடத்திலேயே இருக்கட்டும் மக்கா.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் நடத்துவார். லீவுக்கு இந்த வாரமே எழுதிக் கொடு, மறக்காதே.

உன் அம்மா,
நேசம்மாள்