மகனைக் காட்டிக்கொடுத்த அத்தைக்கு

என் ஆசை அத்தைக்கு,

"என்னாடி, புதுசா ஆசை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உயிரோடு இருந்தபோது நமக்கு ஒரு நாளாவது ஒத்துப்போனதா? நான் ரொட்டி சுட்டால் தடிமன், குழம்பு வைத்தால் தண்ணி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வரிசை வீடுகளில், நம் சண்டை கேட்டால்தான் பக்கத்து வீட்டார் விடிந்ததாக நம்புவார்கள். அப்படிப்பட்ட மாமியாருக்கு மருமகள் கடிதம் எழுதுகிறாள், ஊர் சிரிக்கட்டும்.

நேற்று பதுளைக் கோர்ட்டில் உங்கள் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நம் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷன் அடித்தால் பொலிசுக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவோம். தோட்டத் தலைவர் கற்பூரம் கொளுத்துவார், அடித்தவர் அதன்மேல் கையடித்து "இனிமே தொடமாட்டேன்" என்பார். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகும் காயம் பட்டால், மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். நம் லயத்தில் அந்தக் கானில் விழாத பெண் யார் இருக்கிறாள், சொல்லுங்கள்?

உங்கள் மகன் கோயிலில் இரண்டு தரம் சத்தியம் செய்தார். மூன்றாம் தரம் விறகுக் கட்டையால் என் கையை முறித்தார். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நானும் பாடம் ஒப்பிப்பதுபோல, "கானுல விழுந்துட்டேங்க" என்றேன். நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். என் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்ற நீங்கள், சந்தையில் மரக்கறி வாங்கும் சிங்களத்திலேயே சொன்னீர்கள்: "மகே புத்தா கெஹுவா, மஹத்தயா." என் மகன்தான் அடித்தான், ஐயா.

பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன நாளைக்குடி அந்தக் கான் மேல பழி போடுவ?" என்றீர்கள். அத்தை, என்னைப் பெற்றவள்கூட "அனுசரிச்சுப் போ" என்றுதான் சொன்னாள். உங்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

அதன் பிறகுதான் அரசாங்கத்துக்கு இப்படியும் ஒரு முகம் இருப்பதைக் கண்டேன். ஆஸ்பத்திரிப் பொலிசிலிருந்து ஒரு பெண் அதிகாரி கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "தமிழ்லயே சொல்லுங்க, தமிழ்லயே எழுதுறேன். அது உங்க உரிமை" என்றார். பிரதேச செயலகத்து ஆலோசனை மிஸ், நான் அழுது முடிக்கும்வரை கடிகாரம் பார்க்காமல் இருந்தார். காசு வாங்காமல் வாதாட ஒரு சட்டத்தரணி அம்மா கிடைத்தார். உங்கள் மகனுக்குப் பிணை கிடைத்ததும் பொலிசிலிருந்து எனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். லயத்துப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட்டும் கட்டளை போட்டது. எல்லாம் பாலும் தேனுமாக இருந்தது என்று சொல்லவில்லை. வழக்குத் தவணைக்கு மேல் தவணை, பஸ்ஸுக்கு மேல் பஸ். ஆனால் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு என்ன விலை சொல்வது?

நீங்கள்தான் பாவம். பூனாகலையில் இருக்கும் உங்கள் தம்பி, "பெத்த புள்ளைய காட்டிக்குடுத்தவ" என்று பேச்சையே நிறுத்திவிட்டார். "பெத்ததுனாலதான் சொன்னேன். வேற யாரு சொல்லுவா அவனுக்கு?" என்று நீங்களும் திருப்பிக் கேட்டீர்கள். ஆனாலும் தனியாக உட்கார்ந்து அழுதீர்களே, எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

மார்புச் சளி முற்றி நீங்கள் போனபோது, மகன் வரலாமா கூடாதா என்று பெரிய கேள்வி எழுந்தது. கட்டளை இருக்கிறதே. நானே சட்டத்தரணி அம்மாவிடம் போய், "தாய்க்கு அவர் மண் போடட்டும் மிஸ்" என்றேன். அவர் கோர்ட்டில் பேசி அனுமதி வாங்கினார். பெண் பொலிஸ் ஒருவர் குழிமேட்டில் அடக்கம் முடியும்வரை எனக்குக் குடை பிடித்தபடி கூடவே நின்றார். உங்கள் மகன் தேம்பித் தேம்பி அழுதார். குழிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அழுதேன்.

எட்டாம் நாள் உங்களுக்குப் படைத்து எட்டுக் கும்பிட்ட கையோடு தலைவர் வந்துவிட்டார். "பெரிய சாட்சியே போயிருச்சு தங்கச்சி. கோயில்ல கற்பூரம் கொளுத்தி முடிச்சிருவோம்" என்றார். உண்மையைச் சொன்னால், தலையாட்டப் பார்த்தேன். நீங்கள் இல்லாமல் யார் என்னை நம்புவார்கள்? சட்டத்தரணி அம்மாதான், "அடி வாங்கினது நீங்க. அந்தச் சாட்சி போகலதானே?" என்றார்.

உங்கள் மகனை நேரில் பார்க்க வேண்டாம் என்று நேற்று வேறோர் அறையில் இருத்திச் சாட்சி கேட்டார்கள். ஆலோசனை மிஸ் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "முதலில் கானில் விழுந்ததாகத்தானே சொன்னீர்கள்?"

"ஆமாங்க, நான் பொய்தான் சொன்னேன். உண்மைய சொன்னது அவரோட அம்மா."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னதும், வக்கீல் கானை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் போனார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் உங்கள் மகனை நான் சபிக்கமாட்டேன், வீட்டுக்குள் சேர்க்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. விவாகரத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது கிடைத்தால் சட்டப்படி அவர் எனக்குப் புருஷன் இல்லை. அப்படியானால் நீங்கள் எனக்கு யார் என்று சட்டத்தரணி அம்மாவிடம் கேட்டேன். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லையாம். அதனால் நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். புருஷனைத்தான் விடுகிறேன் அத்தை, மாமியாரை விடவில்லை.

என்றைக்கும் உங்கள் மருமகள்,
சரோஜா